பேட்சா, சூயிங்கமா? சேலத்தில் புகையை விடப்போகிறவருக்கான செய்முறை

சேலம் ஐந்து ரோடு பக்கம் நான்கு மெடிக்கல் ஏறி இறங்கினால் ஒன்றிலாவது நிகோடின் சூயிங்கம் கிடைத்துவிடும். எப்படி மெல்ல வேண்டும் என்று சொல்லித்தர அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. வாங்கியவர் சாதாரண பபிள்கம் மாதிரி மென்று, தொண்டை எரிந்து, விக்கல் எடுத்து, "இதெல்லாம் நமக்கு ஒத்துவராது" என்று துப்பிவிட்டுப் பக்கத்துப் பெட்டிக்கடைக்குப் போய்விடுகிறார். தோலில் ஒட்டிக்கொள்ளும் நிகோடின் பேட்ச் வாங்குபவர் கதை வேறு. விலை குறைவு என்று சின்ன அளவை ஒட்டிக்கொள்கிறார். மூன்றாம் நாள் எரிச்சல் தலைக்கேறி அதைப் பிய்த்துப் போடுகிறார். இரண்டு பேருக்கும் பொருள் தப்பில்லை. அளவும் முறையும்தான் தப்பு. எனவே இரண்டில் எது என்ற கேள்விக்கு முன்னால் சில அடிப்படைகள்.

உள்ளே நடப்பது

சிகரெட்டை இழுத்தால் நிகோடின் நுரையீரல் வழியாக மூளைக்குப் போக 10 முதல் 20 நொடிதான் ஆகும். ஒரு சிகரெட்டில் உடம்புக்குள் சேருவது ஏறக்குறைய 1 முதல் 1.5 மி.கி. இரத்தத்தில் ஏறிய நிகோடின் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். அந்த இறக்கத்தில்தான் கை பாக்கெட்டைத் தேடுகிறது.

கம்மில் இருக்கும் நிகோடின் கன்னத்தின் உட்புறத் தோல் வழியாக ஏறுகிறது. உச்சத்துக்குப் போக 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். 2 மி.கி. என்று அட்டையில் போட்டிருந்தாலும் சரியாக மென்றால்கூட அதில் ஏறக்குறைய பாதிதான் உள்ளே போகும். பேட்ச் இன்னும் மெதுவானது. காலையில் ஒட்டினால் அளவு ஏறி நிலைக்கச் சில மணி நேரமாகும். அதன்பின் நாள் முழுக்க ஒரே சீராகக் கொடுத்துக்கொண்டிருக்கும். தலைவாசல் பக்கம் மரவள்ளிக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டவருக்கு வித்தியாசம் உடனே புரியும்: பேட்ச் அந்தக் குழாய், கம் தேவைப்படும்போது மொண்டு ஊற்றும் குடம்.

இரண்டிலுமே அந்த முதல் இழுப்பின் "கிக்" வராது. வரும் என்று எதிர்பார்த்து வாங்குபவர்கள்தான் முதல் நாளே ஏமாறுகிறார்கள். இவற்றின் வேலை தவிப்பைத் தாங்கக்கூடிய அளவுக்குக் குறைப்பது, அவ்வளவுதான். புற்றுநோய்க்குக் காரணமான தாரும், இரத்தத்தில் ஆக்சிஜனை விரட்டும் கார்பன் மோனாக்சைடும் எரியும் புகையில் இருப்பவை. பேட்சிலும் கம்மிலும் அவை இல்லை. "அதுவும் நிகோடின்தானே, இதுவும் நிகோடின்தானே" என்று வாதாடும் மச்சான்மார்களுக்கு இதுவே பதில்.

முதலில் உங்கள் அளவைக் கண்டுபிடியுங்கள்

ஒரு நாளைக்கு எத்தனை என்பதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: தூங்கி எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்? 30 நிமிடத்துக்குள் என்றால் பிடி இறுக்கம். கம் எடுப்பதானால் உங்களுக்கு 4 மி.கி. குளித்து, டிபன் சாப்பிட்டு, வண்டி எடுத்து, கடை போய்ச் சேர்ந்த பிறகுதான் முதல் சிகரெட் என்றால் 2 மி.கி. போதும். 2 மி.கி. கம் சீட்டு இல்லாமலே கிடைக்கும். 4 மி.கி.க்கு டாக்டர் சீட்டு வேண்டும். பேட்சையும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே வாங்குங்கள்.

பேட்சுக்கு எண்ணிக்கை பார்க்க வேண்டும். நாளைக்கு 10க்கு மேல் என்றால் 21 மி.கி.யில் ஆரம்பித்து ஆறு வாரம், பிறகு 14 மி.கி. இரண்டு வாரம், 7 மி.கி. இரண்டு வாரம். பத்தோ அதற்குக் குறைவோ என்றால் 14 மி.கி. ஆறு வாரம், பிறகு 7 மி.கி. இரண்டு வாரம்.

பீடிக்காரர்கள் கணக்கில் தங்களை ஏமாற்றிக்கொள்வது வழக்கம். "பீடி சின்னது, ரெண்டு பீடி ஒரு சிகரெட்டுக்குச் சமம்" என்பார்கள். பீடி இலை காற்றை அவ்வளவாக உள்ளே விடாது. அணையாமல் இருக்க அடிக்கடி இழுத்தாக வேண்டும். சிறியதாக இருந்தாலும் நிகோடினும் தாரும் சிகரெட்டுக்குக் குறையாமல் போகின்றன. ஒரு பீடியை ஒரு சிகரெட்டாகவே எண்ணுங்கள்.

ஹான்ஸ், வெற்றிலையோடு புகையிலை என்று வாயில் அடக்கும் பழக்கம் உள்ளவர்களுக்குக் கம் பொருந்தும், வாய்க்கு ஒரு வேலை கிடைக்கிறது. ஆனால் அவர்கள் முதலில் பல் டாக்டரிடம் வாயைக் காட்ட வேண்டும். கன்னத்தின் உள்ளே வெள்ளைத் திட்டு, காரம் பட்டால் எரிச்சல், வாயை முழுசாகத் திறக்க முடியாமை, இதில் ஏதாவது இருந்தால் கம் வாங்குவதைத் தள்ளிப்போடலாம். அதைக் காட்டுவதைத் தள்ளிப்போடக் கூடாது.

எது யாருக்கு

வேலையும் உடம்பும் பாதித் தீர்ப்பைச் சொல்லிவிடும்.

அம்மாபேட்டையில் விசைத்தறி ஓட்டுபவர், செவ்வாய்பேட்டைப் பட்டறையில் கொலுசுக்குப் பொடி வைப்பவர், இரவெல்லாம் லாரி ஓட்டுபவர்: இவர்களுக்கு மணி பார்த்து மென்று, கன்னத்தில் ஒதுக்கி, மறுபடி மெல்வதெல்லாம் நடக்காது. காலையில் ஒரு தடவை ஒட்டினால் மறந்துவிடக்கூடிய பேட்ச் அவர்களுக்கு வசதி. பல்செட் போட்டவர், தாடை மூட்டில் வலி உள்ளவர், வயிற்றுப் புண் உள்ளவர் ஆகியோருக்கும் பேட்ச்தான்.

நாள் முழுக்க ஒன்றும் தோன்றாமல் டீக்கடையில் நாலு பேரோடு நிற்கும்போது மட்டும் கை பரபரக்கிறவருக்குக் கம். சொரியாசிஸ், கரப்பான், பிளாஸ்திரி ஒட்டினாலே தடிக்கும் தோல் உள்ளவர்களுக்கும் கம்.

கடுமையாகப் புகைத்தவருக்கு, எழுந்தவுடன் ஒன்று பற்றவைப்பவருக்கு, இரண்டும் சேர்த்துத்தான். ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட இரண்டையும் சேர்ப்பது கூடுதல் பலன் தருகிறது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்த விஷயம். காலையில் பேட்ச், தவிப்பு எழும்போது 2 மி.கி. கம், மணிக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். செலவு பார்த்து இதைத் தவிர்ப்பவர்கள் அதிகம். பேட்சின் முதல் ஆறு வாரச் செலவையும் அதே ஆறு வாரத்துக்கு உங்கள் சிகரெட் செலவையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், பிறகு முடிவு செய்யலாம்.

கம்: மெல்லும் முறை

ஒன்றை வாயில் போட்டு மெதுவாக, அவசரமே இல்லாமல் 10, 15 தடவை கடியுங்கள். மிளகு பட்டதுபோல ஒரு சுருசுருப்பு வரும். வந்தவுடன் மெல்வதை நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்குங்கள். ஒரு நிமிடம் போலச் சுருசுருப்பு அடங்கும். மறுபடி சில கடி, இந்தமுறை எதிர்க் கன்னத்தில் ஒதுக்குங்கள். இப்படியே அரை மணி நேரம். கடித்தாலும் சுருசுருப்பு வரவில்லை என்றால் சரக்கு தீர்ந்தது; காகிதத்தில் மடித்துக் குப்பையில் போடுங்கள்.

விடாமல் மென்றால் என்ன ஆகும்? நிகோடின் எச்சிலில் கலந்து வயிற்றுக்குப் போகும். விழுங்கியதில் பெரும்பகுதியைக் கல்லீரலே உடைத்துவிடும், தவிப்புக்கு ஒன்றும் மிஞ்சாது. மிஞ்சுவது நெஞ்செரிச்சல், விக்கல், குமட்டல். ஆகவே கம் போட்டிருக்கும்போது எச்சிலை மடக்மடக்கென்று விழுங்காதீர்கள்.

அடுத்தது பலரும் கோட்டை விடுகிற இடம். கன்னத் தோல் வழியாக நிகோடின் ஏற வாய்க்குள் காரத்தன்மை (மிளகாய்க் காரம் இல்லை, புளிப்புக்கு எதிரானது) இருக்க வேண்டும். அதற்காகவே கம்மில் சோடா உப்பு வகைகளைச் சேர்க்கிறார்கள். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவினால் புகையிலை சீக்கிரம் ஏறுவதும் இதே காரணத்தால்தான். காபி, எலுமிச்சை ஜூஸ், சோடா, ஆரஞ்சு எல்லாம் புளிப்பு. குடித்த உடனே கம் போட்டால் ஏறவே ஏறாது. கம்முக்கு 15 நிமிடம் முன்பும், வாயில் இருக்கும்வரையிலும் ஒன்றும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. ஏற்காட்டில் ஒண்டிக்கடை பக்கம் ஒரு கையில் காபியும் வாயில் கம்முமாக நிற்பவர் கம்மை வீணாக்குகிறார். தட்டுவடை செட்டுக்கும் இதே சட்டம்: முதலில் செட்டைச் சாப்பிடுங்கள், வாயைக் கொப்பளியுங்கள், கால் மணி நேரம் கழித்துக் கம்.

அளவு: முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. 7 முதல் 9 வாரம் வரை இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒன்று. 10 முதல் 12 வாரம் வரை நான்கு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. கம்மை மட்டுமே நம்பியிருப்பவர் ஆரம்ப வாரங்களில் நாளைக்கு ஒன்பதாவது மெல்ல வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் 24ஐத் தாண்டக் கூடாது. தவிப்பு முற்றியபின் போடுவது தாமதம், ஏறவே 20 நிமிடம் ஆகிறதே. டீக்கடை நேரம் 11 மணி என்று தெரிந்தால் 10:40க்கே போட்டுவிடுங்கள். அந்த டீயைத் தவிர்க்கவும் இது ஒரு சாக்கு.

பேட்ச்: வியர்வையும் எண்ணெயும்

காலையில் குளித்துவிட்டு, தோல் நன்றாக உலர்ந்தபின் ஒட்ட வேண்டும். மேல்கை, நெஞ்சின் மேல்பகுதி, முதுகின் மேல்பகுதி, இடுப்பு, இவற்றில் முடி இல்லாத, காயம் இல்லாத இடம். முடி இருந்தால் கத்தரியால் வெட்டிக்கொள்ளலாம்; அன்று சவரம் செய்த இடத்தில் ஒட்டினால் எரியும். உறையைப் பிரித்து, பின்தாளில் பாதியை உரித்து ஒட்டி, மீதியை உரித்து, உள்ளங்கையால் 10 நொடி அழுத்திப் பிடியுங்கள். ஓரங்களை விரலால் ஒருமுறை தடவிவிடுங்கள். கையைத் தண்ணீரில் கழுவும்வரை கண்ணைத் தொடாதீர்கள். மறுநாள் வேறு இடம். அதே இடத்துக்கு ஒரு வாரம் கழித்துத்தான் திரும்ப வேண்டும்.

சேலத்துச் சித்திரை வெயிலில் பேட்ச் உரிந்து சட்டையோடு வருவது சகஜம். பெரும்பாலும் வெயிலை மட்டும் குறை சொல்ல முடியாது, எண்ணெயும் சேர்ந்திருக்கும். தேங்காயெண்ணெய் தடவிய தோலில் பசை பிடிக்காது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் உள்ளவர் சீயக்காய் போட்டு எண்ணெயை முழுக்க எடுத்தபின், ஒட்டும் இடத்தை மட்டும் இன்னொரு தடவை கழுவித் துடைத்து ஒட்டட்டும். பவுடரும் போடக் கூடாது. ஓரம் தூக்கினால் மெடிக்கல் டேப்பால் சுற்றி ஒட்டிவிடலாம். முழுசாக விழுந்துவிட்டால் புதியது ஒன்று ஒட்டிக்கொண்டு, மறுநாள் வழக்கமான நேரத்திலேயே மாற்றுங்கள்.

உலை, அடுப்பு, வெல்டிங் முன்னால் வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டியது: சூடு பட்டால் பேட்சிலிருந்து நிகோடின் வேகமாக இறங்கும். தலைசுற்றலும் குமட்டலும் வந்தால் அதுதான் காரணமாக இருக்கலாம். அனல் படாத பக்கமாக, முதுகில் ஒட்டிக்கொள்ளுங்கள். 21ஐ வாங்கிப் பாதியாக வெட்டி இரண்டு நாளைக்கு ஓட்டுகிறேன் என்று கத்தரியை எடுக்காதீர்கள். வெட்டினால் எவ்வளவு இறங்குகிறது என்பதற்குக் கணக்கே கிடையாது.

ஒட்டிய இடத்தில் முதல் ஒரு மணி நேரம் லேசான அரிப்பு வரும், போய்விடும். வீங்கினாலோ, சிவப்பு நாலு நாளாகியும் போகாவிட்டாலோ நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். ராத்திரி கனவு தொல்லை கொடுத்தால் படுக்கும்முன் கழற்றிவிடலாம். எழுந்ததுமே புகை கேட்கிறவர் முடிந்தால் 24 மணி நேரமும் விட்டுவைப்பது நல்லது, விடியற்காலைத் தவிப்பை அது தாங்கிக்கொள்ளும்.

கழற்றிய பேட்சில் இன்னும் நிகோடின் மிச்சம் இருக்கும். பசைப் பக்கம் உள்ளே வருமாறு மடித்து, பிள்ளைகள் கைக்கும் நாய்க்கும் எட்டாத குப்பையில் போட வேண்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இருந்தால் முன்கூட்டியே கழற்றிவிடுங்கள். சில வகைகளின் பின்புறத்தில் உலோகப் படலம் உண்டு, அது சுட்டுவிடும்.

காபியைப் பாதியாக்குங்கள்

கலெக்டர் காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்த பயிர், இந்த ஊர்க்காரர்கள் சிகரெட்டை விடும்போது குறுக்கே வரும். புகையில் உள்ள சில பொருள்கள் கல்லீரலைத் தூண்டி, காபியின் கஃபீனை வேகவேகமாக உடைக்கவைக்கின்றன. புகை நின்றால் அந்த வேகமும் நின்றுவிடும். நேற்றுவரை குடித்த அதே மூன்று டம்ளர் காபி இன்று ஏறக்குறைய ஆறு டம்ளராக வேலை செய்யும். படபடப்பு, தூக்கமின்மை, கை நடுக்கம் எல்லாம் வரும். சிகரெட் விட்டதால் வந்தது என்று எல்லோரும் நினைப்பார்கள். இது நிகோடினால் வருவதில்லை, புகையால் வருவது. எனவே பேட்ச் ஒட்டியிருந்தாலும் நடக்கும். நிறுத்தும் நாளிலிருந்தே காபியையும் டீயையும் பாதியாக்கிவிடுங்கள்.

இதே காரணத்தால் சில மாத்திரைகளின் அளவும் இரத்தத்தில் ஏறும். ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின், மனநல மருந்துகளில் ஓலான்சபின், குளோசபின் சாப்பிடுபவர்கள் நிறுத்தும் முன்பே டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். இன்சுலின் போடுபவர்கள் சர்க்கரையை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து இ-சிகரெட்டோடு வந்தவர்கள்

நிகோடின் திரவத்தைச் சூடாக்கி இழுக்கும் இ-சிகரெட்டைத் தமிழ்நாடு 2018லேயே தடை செய்துவிட்டது; 2019ல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. விற்றால், இறக்குமதி செய்தால், விளம்பரம் செய்தால் முதல் தடவைக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இருப்பு வைப்பதும் குற்றம்தான். பையில் போட்டுக்கொண்டு வந்தவருக்கு இங்கே திரவமும், அதைச் சூடாக்கும் கம்பிச் சுருளான "காயிலும்" தேடி அலைவதைவிட இந்தச் சந்தர்ப்பத்தில் விட்டுவிடுவது சுலபம்.

மாற்றும்போது குழப்பம் அளவில்தான் வரும். திரவத்தை அதற்கான குப்பியில் (காட்ரிட்ஜ்) ஊற்றி இழுத்தவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை மில்லி தீர்ந்தது என்றாவது தெரியும். சூடான காயில் மேல் நேராகச் சொட்டுவிட்டு இழுத்தவருக்கு அதுவும் தெரியாது; நாலு இழுப்புக்கு இரண்டு மூன்று சொட்டு, ஒரு மாலையில் எத்தனை முறை என்று யாரும் எண்ணுவதில்லை. காயில் காய்ந்து அதிகச் சூடானால் திரவம் கருகி ஃபார்மால்டிஹைடு போன்ற நச்சுகளும் வரும். எனவே புட்டியில் எழுதிய மி.கி. கணக்கை வைத்துப் பேட்ச் அளவை முடிவு செய்யப் பார்க்காதீர்கள். எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் இழுப்பு என்ற கேள்வியே இங்கேயும் துணை. சொட்டுவிட்டுப் பழகியவர் டாக்டரைப் பார்த்து அளவு வாங்கிக்கொள்வது நல்லது. மிச்சத் திரவத்தை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. ஒரு குழந்தை குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து, தோலில் கொட்டினாலும் ஏறும்.

டாக்டரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டியவர்கள்

சமீபத்தில், குறிப்பாகக் கடந்த இரண்டு வாரத்தில் மாரடைப்பு வந்தவர்கள், இதயத் துடிப்புக் கோளாறோ கூடிவரும் நெஞ்சுவலியோ உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், 18 வயது நிரம்பாதவர்கள். மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனை வெளிநோயாளர் சீட்டு வாங்கும் இடத்திலேயே புகையிலை நிறுத்த எங்கே போக வேண்டும் என்று கேட்கலாம். தேசிய உதவி எண் 1800-11-2356, கட்டணமில்லை, தமிழிலும் பேசுவார்கள். எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய அவசியம்கூட இல்லை, சிகரெட் பெட்டியின் மேலேயே அச்சடித்திருக்கிறது.

முதல் வாரமும் அதன் பிறகும்

இரண்டாம், மூன்றாம் நாள்தான் மோசம். எரிச்சல், பசி, மலச்சிக்கல், வாய்ப்புண், கவனம் நிற்காமை எல்லாம் எதிர்பார்க்க வேண்டியவை. இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். இவை கடுமையாக இருந்தால் அளவு போதவில்லை என்று பொருள். குமட்டல், தலைசுற்றல், குளிர்ந்த வியர்வை, நெஞ்சு படபடப்பு என்றால் அளவு கூடிவிட்டது. பேட்சைக் கழற்றுங்கள் அல்லது கம்மைத் துப்புங்கள், அடங்காவிட்டால் ஆஸ்பத்திரி. இரண்டையும் சேர்ப்பவர்கள் இந்த இரு பட்டியலையும் மனதில் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ஒன்றுக்கு மற்றதன் வைத்தியத்தைச் செய்துவிடுவது எளிது.

நடுவில் ஒரு கல்யாண வீட்டில் ஒன்று பற்றவைத்துவிட்டால்? பேட்ச் ஒட்டியிருக்கும்போது ஒரு சிகரெட் பிடித்தால் மாரடைப்பு வரும் என்று பயமுறுத்துவார்கள். அதை நம்பிப் பேட்சைப் பிய்த்துப் போட்டவர்கள் மறுநாள் முழு பாக்கெட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். பேட்ச் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். சிகரெட்டை அணையுங்கள், அடுத்த கம்மை எப்போதும்போல எடுங்கள், ஆறு வாரக் கணக்கை விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். வாரத்தில் இரண்டு மூன்று தடவை இப்படி ஆனால் அளவு குறைச்சல். பேட்ச் மட்டும் ஒட்டியவர் கம்மையும் சேர்க்கலாம், 2 மி.கி. மென்றவர் 4க்குச் சீட்டு கேட்கலாம்.